மின்சாரம் ஏற்றி வந்த ரயில்

2022 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. ஹிமாச்சலத்தில் கொட்டிய மழை சக்கி ஆற்றில் வெள்ளமாக இறங்கியது. பஞ்சாபின் பதான்கோட்டைத் தாண்டியதும் வருகிற ஆறு இது. வருடத்தில் பெரும்பகுதி கூழாங்கல்லும் மணலுமாகக் கிடக்கும். அன்று அது ரயில் பாலத்தின் தூண்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. கரையில் நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். மாலைக்குள் நாடு முழுவதும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டது.

பாலத்தின் மேல் அப்போது ரயில் எதுவும் இல்லை. தூண்கள் பலவீனமாகிவிட்டன என்று சில வாரங்களுக்கு முன்பே போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஆக, பாலம் விழப்போகிறது என்பது ரயில்வேக்குத் தெரிந்திருந்தது. ஏன் விழப்போகிறது என்பது அக்கம்பக்கத்துக் கிராமத்தினருக்குப் பல வருடங்களாகவே தெரிந்திருந்தது. சக்கியின் படுகையிலிருந்து மணலும் கல்லும் லாரி லாரியாகக் கிரஷர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. படுகை இறங்க இறங்கத் தூண்களின் அஸ்திவாரம் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஆறு இரண்டு மாநிலங்களின் எல்லையில் ஓடுகிறது. அள்ளுகிறவர்களுக்கு இது வசதி. தடுக்க வேண்டியவர்களுக்கோ எதிர்க்கரையைக் கைகாட்டிவிடலாம் என்ற வசதி.

இப்படி அறுந்துபோனது காங்ரா பள்ளத்தாக்கு ரயில் பாதை. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் வரை 164 கி.மீ. இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய பாதை. இரண்டு சுரங்கங்கள், 971 பாலங்கள். முழுத் தூரத்தையும் கடக்க ஏறக்குறைய பத்து மணி நேரம். இந்தியாவின் மலை ரயில்களில் டார்ஜிலிங் 1999-லும், நீலகிரி 2005-லும், கால்கா-சிம்லா 2008-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. காங்ரா ரயிலுக்கு அந்த யோகம் இல்லை. அதைப் பற்றி அங்கே அதிகம் கவலைப்படுகிறவர்களும் இல்லை. அவர்களுக்கு அது மலை ரயில் அல்ல, ரயில். அவ்வளவுதான்.

சிம்லா ரயில் எதற்காக வந்தது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். 1864 முதல் சிம்லா வெள்ளையர் ஆட்சியின் கோடைத் தலைநகரம். வெயிலுக்குப் பயந்து வருடா வருடம் மலையேறிய அரசாங்கத்தை, அதன் கோப்புகளோடும் சமையற்காரர்களோடும் ஏற்றிச் செல்ல 1903-ல் ரயில் வந்தது. காங்ராவின் கதை வேறு. அங்கே எந்தத் துரையின் கோடைக்காலமும் காத்திருக்கவில்லை. அங்கே இருந்தது தண்ணீர்.

பதான்கோட்டுக்கு அமிர்தசரஸிலிருந்து 1884-லேயே ரயில் வந்துவிட்டது. அதற்கு அப்பால் மாட்டு வண்டியும் கோவேறு கழுதையும்தான். பள்ளத்தாக்கில் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன, கோயில்கள் இருந்தன, பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வசதியான கிராமங்கள் இருந்தன. 1905 ஏப்ரல் 4-ம் தேதி காலை வந்த பூகம்பம் காங்ரா நகரத்தையும் தர்மசாலாவையும் தரைமட்டமாக்கி இருபதாயிரம் பேரைக் கொன்றது. தோட்டம் வைத்திருந்த ஐரோப்பியர்கள் பலர் அதோடு கடையைக் கட்டினார்கள். ரயில் போடலாம் என்ற யோசனை 1912-ல் எழுந்தது. பிறகு முதல் உலகப் போர் வந்தது, யோசனை கிடப்பில் போயிற்று.

அதைத் தூசி தட்டி எடுக்க வைத்தது மின்சாரம். மண்டி சமஸ்தானத்தில் ஊல் என்று ஒரு ஆறு. அதை பரோட் என்ற இடத்தில் மறித்து, மலையைக் குடைந்து, மறுபக்கம் ஷானனில் குழாய் வழியே விழ வைத்தால் பஞ்சாபுக்கு விளக்கெரியும் என்று கணக்குப் போட்டவர் மாகாண அரசின் தலைமைப் பொறியாளர் கர்னல் பி.சி. பேட்டி. 1925 மார்ச் 3-ம் தேதி மண்டி ராஜா ஜோகிந்தர் சென்னுக்கும், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சரின் சார்பில் பேட்டிக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 99 வருடக் குத்தகை. ராஜாவுக்குக் கிடைத்ததில் 500 கிலோவாட் இலவச மின்சாரமும் ஒன்று. சுக்ரஹட்டி என்ற கிராமத்துக்கு ஜோகிந்தர் நகர் என்று அவர் பெயரும் வைக்கப்பட்டது.

பேட்டியின் கணக்கில் ஒரு சிக்கல். டர்பைன்களையும் டிரான்ஸ்பார்மர்களையும் ராட்சசக் குழாய்களையும் கோவேறு கழுதை மேல் ஏற்ற முடியாது. ஆகவே ரயில். 1926-ல் வேலை தொடங்கியது. 1928 டிசம்பரில் சரக்கு வண்டிகள் ஓடின. பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1929 ஏப்ரல் 1-ம் தேதி. இந்த வரிசையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. முதலில் இயந்திரம், பிறகு மனிதர்கள். ஜோகிந்தர் நகரில் தண்டவாளம் முடிந்த பிறகும் இயந்திரங்களுக்குப் பயணம் முடியவில்லை. அங்கிருந்து ஷானன், ஷானனிலிருந்து இரும்புக் கயிற்றால் இழுக்கப்படும் டிராலியில் செங்குத்தாக மலையேறி, சுமார் 8,000 அடி உயரத்தில் உள்ள வின்ச் கேம்ப் வழியாக மறுபுறம் இறங்கி பரோட். 1933 மார்ச்சில் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு லாகூரில் மின்சாரத்தைத் தொடங்கி வைத்தார். தண்ணீர் மண்டியுடையது, வெளிச்சம் லாகூருடையது. பதினான்கு வருடத்தில் லாகூரே வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று அன்று மேடையில் இருந்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பாதையை வகுத்த பொறியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சிம்லா பாதையில் 102 சுரங்கங்கள். மலை குறுக்கே வந்தால் குடைந்துகொண்டு போ என்பது அங்கே தாரக மந்திரம். காங்ராவில் இரண்டே இரண்டு, ஒன்று 250 அடி, மற்றொன்று 1,000 அடி. மற்ற இடங்களில் எல்லாம் பாதை மலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. மேட்டைக் கண்டால் ஒதுங்குகிறது, ஓடையைக் கண்டால் வளைந்துபோய்த் தாண்ட வசதியான இடத்தில் தாண்டுகிறது. ரியோண்ட் ஓடையின் ஆழமான பள்ளத்தை ஒரு எஃகு வளைவுப் பாலம் கடக்கிறது. பாணகங்கை ஆற்றைக் கடக்கும்போது எதிரே பழைய காங்ரா கோட்டை. பாலம்பூர் பக்கம் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே போகையில் இடது பக்க ஜன்னலில் தௌலாதார் மலைத்தொடர் பனியோடு கூடவே வரும். பைஜ்நாத் பப்ரோலா வரை சாதுவாக இருக்கும் ஏற்றம் அதற்குப் பிறகுதான் தன் சுபாவத்தைக் காட்டுகிறது. 25 அடிக்கு ஒரு அடி உயர்ந்து அஹ்ஜு ஸ்டேஷனில் 1,290 மீட்டரைத் தொட்டுவிட்டு ஜோகிந்தர் நகருக்கு இறங்குகிறது. மலையைக் குடையாததால் பயணிக்கு இருட்டு இல்லை, பத்து மணி நேரமும் காட்சிதான். இந்த அழகு திட்டமிட்டு வந்ததல்ல. சுரங்கம் வெட்டுவது செலவு, அதைத் தவிர்த்தார்கள்.

தவிர்த்தும் ரயில் லாபம் காட்டவில்லை. மின் நிலையம் கட்டி முடிந்ததும் ஏற்ற வேண்டிய பெரிய சரக்கு தீர்ந்துபோனது. மிச்சம் இருந்தவர்கள் விடுமுறையில் வரும் சிப்பாய்கள், ஜ்வாலாமுகிக்கும் காங்ரா கோயிலுக்கும் போகும் பக்தர்கள், மூட்டையோடு ஏறும் விவசாயிகள். இவர்களின் டிக்கெட்டில் ஒரு ரயில்வே கம்பெனியின் கணக்குப் புத்தகம் மலர்ச்சி அடைவதில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வெள்ளை அரசு இரும்புக்கு அலைந்தது. வருமானம் தராத கிளைப் பாதைகள் நாடு முழுவதும் கழற்றப்பட்டன. 1942-ல் நக்ரோட்டாவிலிருந்து ஜோகிந்தர் நகர் வரையிலான பகுதி பிடுங்கி எடுக்கப்பட்டது. பதின்மூன்று வருடங்களுக்கு முன் எந்த ஊருக்காக ரயில் போட்டார்களோ அந்த ஊருக்கே ரயில் இல்லை. காங்ராவின் பிள்ளைகள் அப்போது டோக்ரா ரெஜிமெண்டிலும் மற்றப் படைகளிலும் கடல் கடந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது பாலம்பூருக்கும் பைஜ்நாத்துக்கும் ரயில் ஓடவில்லை. நக்ரோட்டாவில் இறங்கி வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நக்ரோட்டாவுக்குப் பக்கத்தில் யோல் என்ற இடத்தில் இத்தாலியப் போர்க் கைதிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்த வருடங்கள் அவை.

பிடுங்கிய தண்டவாளம் திரும்ப வர 1954 ஆயிற்று. போட்டது சுதந்திர இந்தியாவின் வடக்கு ரயில்வே. பன்னிரண்டு வருட இடைவெளி நீண்டதுதான். ஆனால் இந்தப் பாதையில் நடந்த ஒரு நியாயமான காரியமாக இதைச் சொல்லலாம். மின் நிலையத்துக்கு இனி ரயில் தேவையில்லை, லாபத்துக்கும் வழியில்லை என்று தெரிந்தும் போட்டார்கள். பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்காக என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேட முடியாது.

அடுத்த வெட்டு இருபது வருடத்துக்குள் விழுந்தது. இந்த முறை கழற்றச் சொன்னது போரல்ல, வளர்ச்சி. பியாஸ் நதியின் குறுக்கே போங் என்ற இடத்தில் 133 மீட்டர் உயர மண் அணை எழும்பியது. ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் கால்வாயில் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய திட்டத்தின் ஒரு பகுதி அது. அணையின் பின்னால் மூழ்கவிருந்தது ஹல்தூன் என்று அழைக்கப்பட்ட சமவெளி, காங்ராவின் நெற்களஞ்சியம். ரயில் பாதையின் ஒரு பகுதியும் அதற்குள் இருந்தது. 1973-ல் ஜவான்வாலா ஷஹருக்கும் குலேருக்கும் இடையே போக்குவரத்தை நிறுத்தினார்கள். தண்ணீர் எட்டாத மேட்டில் சுமார் 25 கி.மீ.க்குப் புதிய பாதை போட்டார்கள். 1976-ல் ரயில் மறுபடி ஓடியது. மூன்றே வருடம். இரும்புக்கு மறுவாழ்வு கொடுப்பதில் அரசாங்கம் காட்டிய சுறுசுறுப்பைக் குறை சொல்ல முடியாது.

அதே தண்ணீர் 20,000-க்கும் அதிகமான குடும்பங்களையும் மேட்டுக்கு விரட்டியது. அவர்களுக்குக் கிடைத்த பதில் ராஜஸ்தான். யாருக்காக அணையோ அவர்கள் நிலம் கொடுக்கட்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் இது நியாயமாகவே தெரிந்தது. ஆனால் ஓடையும் மாமரமும் நெல் வயலுமாக வாழ்ந்த குடும்பம் கங்காநகர்ப் பக்கத்து மணலில் இறங்கியபோது, ஒதுக்கப்பட்ட நிலத்தில் பல இடங்களில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடிதடிகள் நடந்தன. நிபந்தனைகளை மீறிவிட்டதாகச் சொல்லி ஒதுக்கீடுகள் ரத்து செய்யப்பட்டன. பலர் ஊருக்கே திரும்பினார்கள், ஊர்தான் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்து, கண்காணிக்க உயர்மட்டக் குழு ஒன்றும் அமைந்தது. அதற்குப் பிறகும் அகதிகளின் சங்கங்கள் மனு எழுதிக்கொண்டுதான் இருந்தன. தாத்தா போட்ட மனுவைப் பேரன் தொடர்கிற வீடுகள் அங்கே உண்டு. ரயில் பாதைக்கு மூன்று வருடத்தில் மாற்று இடம் கண்ட நிர்வாகத்துக்கு, அதே வெள்ளத்தில் வீடிழந்தவனுக்கு இடம் காண ஒரு தலைமுறை போதவில்லை.

மாற்றிப் போட்ட பாதையிலும் ஒரு விந்தை. நக்ரோட்டா சூரியான், நந்த்பூர் பட்டௌலி என்று ஏரிக்கரையை ஒட்டிய ஸ்டேஷன்கள். மூழ்காமல் தப்பிய கிராமங்கள் இந்த மேட்டில்தான் ஒட்டிக்கொண்டன. பல ஊர்களில் பஸ் வருவதே அபூர்வம். மழை பெய்தால் அதுவும் இல்லை. எனவே மாவட்டத்தின் வேறு எந்தப் பகுதியையும்விட ரயிலை நம்பி வாழ்ந்தது இந்தப் பகுதி. காலேஜுக்குப் போகும் பெண்கள், தர்மசாலா கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பதான்கோட் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ரயில் டிக்கெட் சில்லறைக் காசு. பக்கத்தில் குலேர். நைன்சுக், மனக்கு என்ற சகோதர ஓவியர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் தூரிகை பிடித்த ஊர். உலக மியூசியங்கள் அவர்களின் படங்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. குலேர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு அடுத்த வண்டி எப்போது என்பதே முக்கியம்.

இதற்கிடையே மாநிலங்களின் கோடுகளும் மாறின. 1966-ல் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது காங்ரா மாவட்டம் ஹிமாச்சலத்துக்கு வந்தது. ரயிலின் தலை பஞ்சாபில், உடம்பும் வாலும் ஹிமாச்சலத்தில். ஷானன் மின் நிலையம் மட்டும் மத்திய அரசின் 1967 உத்தரவின்படி பஞ்சாபிடமே இருந்தது. 48 மெகாவாட்டில் தொடங்கிய நிலையம் பின்னாளில் 110 மெகாவாட்டாக வளர்ந்தது. மண்டியின் தண்ணீர், மண்டியின் மலை, பில் பஞ்சாபுக்கு. ஹிமாச்சல அரசியல்வாதிகள் எந்தக் கட்சியானாலும் 2024 மார்ச்சை எதிர்பார்த்துக் காலண்டரைப் புரட்டினார்கள். அந்த மாதம் 2-ம் தேதியோடு பேட்டி கையெழுத்திட்ட குத்தகை முடிகிறது. நாள் நெருங்கியதும் பஞ்சாப் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. 1925 குத்தகை முடிந்தால் என்ன, 1966 சட்டமும் 1967 உத்தரவும் தந்த உரிமை இருக்கிறதே என்பது அதன் வாதம். மத்திய அரசு இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்றது. இரு தரப்பும் பெரிய வக்கீல்களை நிறுத்தின. ராஜா இல்லை, பேட்டி இல்லை, லாகூர் இல்லை. ஒப்பந்தக் காகிதம் மட்டும் தெம்பாக இருந்தது.

அந்த மின் நிலையத்துக்காகப் பிறந்த ரயில் அப்போது சக்கி ஆற்றங்கரையில் அறுந்து கிடந்தது. பாலம் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஷானனுக்கு உரிமை கொண்டாடி இரண்டு மாநிலங்கள் டெல்லியில் மோதின. சக்கியின் மணலுக்குப் பொறுப்பேற்க ஒரு மாநிலமும் முன்வரவில்லை. ரயில்வேயைக் கேட்டால் சுரங்கத் தொழில் மாநில அரசின் விஷயம் என்பார்கள், அது உண்மையும்கூட. ஆற்றுக்குக் குறுக்கே நெடுஞ்சாலைப் பாலமும் ஒன்று இருக்கிறது. அதற்கும் ஆபத்து என்றதும் போக்குவரத்தைத் தடுத்து, அஸ்திவாரத்தைப் பாதுகாக்க அவசர வேலைகள் செய்தார்கள். சாலைப் பாலத்தில் லாரி போக வேண்டும். ரயில் பாலத்தில் போகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

பொறுத்துக்கொண்டார்கள். பாலம் போன பிறகு, மழையும் மண்சரிவும் அனுமதித்த மாதங்களில், நூர்பூர் ரோட்டிலிருந்து பைஜ்நாத் பப்ரோலா வரை சில வண்டிகள் ஓடின. பைஜ்நாத்துக்கு அப்பால் ஜோகிந்தர் நகர் வரையிலான கடைசி 22 கி.மீ., 1942-ல் பிடுங்கப்பட்ட பகுதியின் வால், மறுபடியும் பல நாட்கள் ரயிலைப் பார்க்காமல் கிடந்தது. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நடு உடம்பு மட்டும் நகர்ந்தது. டெல்லியிலிருந்தோ ஜம்முவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் சிப்பாய் பதான்கோட்டில் அகலப் பாதை வண்டியிலிருந்து தகரப் பெட்டியோடு இறங்குவார். அங்கே குறுகிய பாதைக்கான பிளாட்பாரம் காலியாக இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, சக்கியை பஸ்ஸில் தாண்டி, நூர்பூர் ரோட்டில் இறங்கி, அன்றைக்கு வண்டி உண்டா என்று ஸ்டேஷனில் விசாரிப்பார். உண்டு என்றால் ஏறிக்கொள்வார். இல்லை என்றால் மறுபடியும் பஸ்.